மாற்று நுரையீரலும் பொதுக்காற்றும்

மக்கள் ஒருவர்க்கொருவர் கொடுக்கத்தக்க பொருள்களுள், கொடுத்த மாத்திரத்தே கொடை முற்றுப்பெறுவன சில. கொடுத்த பின்னரும் நெடுங்காலம் பலராற் காக்கப்பட்டாலன்றி நிலைபெறாதன சில. பசித்தவனுக்கு இட்ட சோறு முதல் வகையைச் சார்ந்தது. தெருவோரத்தில் நட்ட மரக்கன்று இரண்டாம் வகையைச் சார்ந்தது. இறந்தார் ஒருவருடைய நுரையீரலை எடுத்து, இறக்குந் தறுவாயிலுள்ள வேறொருவர் மார்பினுள் வைத்துத் தைக்கின்ற இக்காலச் சத்திரசிகிச்சை இவ்விரண்டனுள் எவ்வகையது என்னும் வினாவை உபாத்தியாய நண்பர்கள் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம். வைத்தியர்க்குரிய விஷயம் நமக்கேன் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. முடிவில் அது நம் வகுப்பறை வாயிலில் வந்து நிற்கக் காண்பீர்கள்.

இவ்வினா நமக்குப் பிறந்த இடம் ரிவர்ஸ்டன். சென்ற விடுமுறையில் நாமும் உடனாசிரியர் அறுவரும் மாத்தளையினின்று புறப்பட்டு, இரத்தோட்டை வழியாக அம்மலைக்குச் சென்றிருந்தோம். தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, ஏலஞ் செழித்த காட்டு நிழலினூடே வளைந்து வளைந்து ஏறி, இலுக்கும்புறைப் பக்கம் இறங்குதற்கு முன் ஒரு கணவாயை அடைகின்றது பாதை. அங்கே காற்று வீசுகின்றது என்று சொன்னாற் போதாது; ஆளைப் பிடித்துத் தள்ளுகின்றது. குடை விரித்த ஒருவர் அதனை மடக்கும் முன்னரே அது கம்பியும் சீலையுமாய்ப் பிரிந்துபோயிற்று. எம்முள் தொய்வு நோயுடைய முதியவர் ஒருவர் வாகனத்தின் மறைவில் ஒதுங்கியிருந்து, “உலகத்துக் காற்றெல்லாம் இங்கேதான் இருக்கிறது, எனக்கு ஒரு மூச்சுக்கு வழியில்லை” என்று சொல்லிச் சிரித்தார். அதனைத் தொட்டே பேச்சு நுரையீரலுக்குத் திரும்பியது. விஞ்ஞானம் கற்பிக்கும் இளைஞர் சென்னையில் நடந்த செய்தியை எடுத்துரைத்தார். கேட்டிருந்த மற்றோர் ஆசிரியர், “எல்லாஞ் சரி ஐயா. அவ்வளவு பாடுபட்டு ஒருவருக்கு நுரையீரல் வைத்தார்கள். அவர் உயிரோடிருக்க நான் என் முகத்தை மூடிக்கொள்ள வேண்டுமென்றால் அது எந்த நியாயம்?” என்று கேட்டார். காற்றின் இரைச்சலில் நாம் மறுமொழி சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அமைதியான இடமாயிருந்தாலும் அப்பொழுது நம்மிடத்தில் மறுமொழி இருந்திராது.

சென்னைச் செய்தி இது. கொறோனா நோய் பரவிய 2020 ஆம் ஆண்டிலே, அந்நோயால் நுரையீரல் முழுதும் தழும்பேறிக் கெட்டுப்போன ஒருவர் வட இந்தியாவினின்று வானூர்தியிற் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில், குருதியை உடம்பின் வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திரும்பச் செலுத்தும் எக்மோ என்னும் பொறியில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டார். ஓகஸ்ட் மாத இறுதியில், மூளைச்சாவடைந்த ஒருவருடைய இரு நுரையீரல்களும் வைத்தியர் கே. ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினரால் அவர்க்குப் பொருத்தப்பட்டன. அப்பொறியின் பெயர் அந்நாளில் தமிழர் வீடுகளிலெல்லாம் வழங்கிற்று, பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் அதே மருத்துவமனையில் அப்பொறியின் துணையோடு கிடந்து, செப்டம்பர் 25 ஆம் நாள் மறைந்ததை வாசகர் மறந்திரார்.

இத்தகைய நோயாளர்க்கெல்லாம் மாற்று நுரையீரல் கொடுத்துவிடுவதில்லை. தம் நுரையீரலே தேறிவருமோ என்று நான்கு முதல் ஆறு வாரமேனும் பொறுத்துப் பார்க்கவேண்டும், மற்றை உறுப்புக்கள் செவ்வையாயிருக்கவேண்டும் என்று அறிந்தோர் வரையறுத்தனர். கிடைப்பது அரிதாகிய பொருளை யார்க்குக் கொடுப்பது என்பது தனியே ஆராயத்தக்க பெருவினா. அதனை இங்கே தொடாது விடுகின்றோம்.

இச்சிகிச்சையின் பழைய வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். மனிதர்க்கு முதன்முதல் நுரையீரல் மாற்றியவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்து ஜேம்ஸ் ஹார்டி என்பவர். ஆண்டு 1963. அதனைப் பெற்றவர் ஆயுட்சிறைக் கைதி ஒருவர். 18 நாளே வாழ்ந்தார். சிறையிலுள்ளான் உடன்பட்டது மெய்யான உடன்பாடோ என்ற ஐயம் நமக்கு இன்றும் உண்டு. அதன்பின் இருபது ஆண்டுகள் முயன்றவரெல்லாம் தோற்றனர். 1983 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜோயல் கூப்பர் குழுவினர் செய்த சிகிச்சையாலேயே ஒருவர் ஆறாண்டுக்கு மேல் வாழும் பேறு பெற்றார். இடையில் நேர்ந்த மாற்றம் யாதெனின், நோர்வே நாட்டு மண்ணில் அகப்பட்ட ஒரு பூஞ்சணத்தினின்று சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து எடுக்கப்பட்டமையேயாம். அது செய்வது விந்தையானது. அந்நிய உறுப்பை எதிர்த்து அழிக்க எழும் உடம்பின் காவற்படையை அடக்கி வைக்கின்றது.

இங்கேதான் இக்கட்டு. காவற்படைக்கு அந்நிய நுரையீரலும் ஒன்றே, அந்நியக் கிருமியும் ஒன்றே. முன்னதைப் பொறுத்துக்கொள்ளும்படி அதனை அடக்கினால், பின்னதற்கும் கதவு திறந்தே கிடக்கும். மாற்றுறுப்புப் பெற்றவர் தம் ஆயுள் முழுதும் இவ்வித மருந்துகளை உண்டே தீரவேண்டும். சிறுநீரகம், ஈரல், இதயம் பெற்றார்க்கும் இஃது ஒக்கும். ஆயினும் அவையெல்லாம் உடம்பின் உள்ளறையில் மூடியிருப்பவை. நுரையீரலோ தெருவைப் பார்த்த திண்ணை. ஒவ்வொரு மூச்சிலும் ஊரார் காற்று அதனுள்ளே போய் வருகின்றது. அன்றியும், மாற்றி வைக்கும்போது அதன் நரம்புகள் அறுபடுகின்றன; ஆதலின் ஆழத்திலே சளியோ கிருமியோ தங்கினாலும் இருமித் தள்ளும் உணர்ச்சி குன்றிவிடுகின்றது. கிருமியால் வந்த நோய் தீர்ந்த பின்னரும், அதனைச் சாக்காகக் கொண்டு காவற்படை விழித்தெழுந்து புது நுரையீரலைச் சிறிது சிறிதாகக் கெடுப்பதுமுண்டு. இவையெல்லாங் கூடியே, மாற்று நுரையீரல் பெற்றாரிற் பாதிப்பேர் ஏறத்தாழ ஆறாண்டளவில் இறந்துபடுகின்றனர். மாற்றிதயம் பெற்றார் இவர்களினும் நெடிது வாழ்கின்றனர்.

இத்தகையார் நடுவே கொறோனா புகுந்தால் என்னாகும்? 2020 இல் அமெரிக்காவிலே பெரும்பாலும் எடுத்த ஒரு கணக்கில், பலவகை மாற்றுறுப்புப் பெற்று இந்நோயும் அடைந்த 482 பேர் சேர்க்கப்பட்டனர். அவருள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டாரில் ஏறக்குறைய ஐவர்க்கொருவர் 28 நாளுக்குள் இறந்தனர். தடுப்பூசி வந்ததும் இவர்க்கு விடிவு வந்ததென்றே உலகம் எண்ணியது. அதுவும் முழுதாகக் கைகூடவில்லை. தடுப்பூசியாவது காவற்படைக்குப் பகைவனுடைய உருவத்தைக் காட்டிப் பயிற்றும் ஆசான். மாணவனை மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு ஆசானை அனுப்பினால் என்ன பயன்? 2021 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் மாற்றுறுப்புப் பெற்ற 658 பேரைச் சோதித்தபோது, இரண்டு முறை ஊசியேற்றிய பின்னரும் நூற்றுக்கு 46 பேரிடத்தில் எதிர்ப்பொருள் காணப்படவில்லை. மேலும் சில முறை ஏற்றியதால் ஓரளவு பயன் விளைந்தது. நோயின் தொடக்கத்தில் உண்ணும் பக்ஸ்லோவிட் என்னும் மாத்திரை பிறர்க்கு நற்றுணை. இவர்க்கோ டக்றோலிமஸ் என்னும் அவர்தம் நாள்மருந்தை இரத்தத்தில் நச்சளவுக்கு ஏற்றிவிடும் தன்மையது. வைத்தியர் கண்காணிப்பின்றி அதனைத் தொடலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் 5 ஆம் நாள் அவசரநிலை நீங்கிற்று என அறிவித்தது. நமக்கு நீங்கிற்று. பின்வந்த கிருமியின் வேகம் தணிந்து, மருந்துகளும் பெருகியமையால் இவர்க்கும் அச்சங் குறைந்ததேயன்றி முற்றும் நீங்கியதில்லை.

நம்மை மிகவும் கலக்கிய செய்தி ஒன்றை இங்கே கூறவேண்டும். 2020 இல் அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழக மருத்துவமனையிலே ஒரு பெண்மணிக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. கொடுத்தவர் வீதி விபத்தில் மூளைச்சாவடைந்தவர். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சோதனையில் அவரிடம் கொறோனா இல்லையென்றே வந்தது. அவர் குடும்பத்தாரும் நோய்க்குறி யாதுமில்லை என்றனர். சிகிச்சை நடந்த மூன்றாம் நாள் பெற்றவர்க்குக் காய்ச்சல் கண்டது. பின்னர் ஆராய்ந்தபோது, கொடுத்த நுரையீரலின் அடியாழத்திலேயே கிருமி தங்கியிருந்தமை தெரியவந்தது. அப்பெண்மணி 61 ஆம் நாள் இறந்தார். நுரையீரலைக் கையிலெடுத்த சத்திரவைத்தியரும் நோயுற்றுத் தேறினார். இதன்பின், நுரையீரல் கொடுப்பவரின் மூச்சுக்குழாயின் அடியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டுமென்பது விதியாயிற்று.

இதிற் குற்றவாளி யார்? ஒருவருமிலர். கொடுத்தவர் அறியாது கொடுத்தார். வைத்தியர் அன்றைய அறிவுக்கெட்டியவரை சோதித்தனர். எனினும் யாரோ ஒருவர் மூச்சினின்றன்றோ அக்கிருமி கொடுத்தவரை அடைந்தது? அந்த யாரோ, கடையிலோ வீதியிலோ தும்மிவிட்டுத் தம்வழியே போய், இருவேறு குடும்பங்களின் துயரத்தில் தமக்கும் ஒரு பங்குண்டென்பதை அறியாமலே இன்றும் உலவிக்கொண்டிருத்தல் கூடும். அது நாமாகவும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வந்தபின், மலைமேற் கேட்ட கேள்வி முன்போல எளிதாகத் தோன்றவில்லை.

இனி அக்கேள்விக்கு வருவோம். நாம் கொள்ளும் மறுமொழி இது. நுரையீரற் கொடை மேற்கூறிய இரண்டாம் வகையைச் சார்ந்தது. கொடுத்தவர் இறந்தார், அவர் செய்யக்கடவது முடிந்தது. வைத்தியர் தைத்தார், அவர் பணியும் பெரும்பகுதி முடிந்தது. எஞ்சிய காவல், பெற்றவரிடத்தும் அவரைச் சூழ்ந்து மூச்சுவிடுவாரிடத்துமே தங்குகின்றது. நாம் அவர்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் இன்னொருவர் கொடுத்ததை அழித்துவிடும் வல்லமை நம் வாயிலும் மூக்கிலும் இருக்கின்றது. பிறன் கொடுத்த கொடையை அழியாமற் காத்தல், அழிக்கவல்லானுடைய கடமையேயன்றி அவன் செய்யும் உபகாரமன்று. கண்ணப்பர் கண் கொடுத்த கதையை எத்தனையோ முறை வகுப்பில் உருக்கமாகச் சொல்லியிருக்கின்றோம். கொடுத்தவரைப் புகழ்வதோடு பாடத்தை முடித்து விடுகின்றோம். தமிழ்நாட்டிலே 2008 இல், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் பதினைந்து வயது மகனின் உறுப்புக்களைக் கொடுத்த திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியரை ஊரே போற்றியது. உறுப்புக் கொடுத்திறந்தார்க்கு அரச மரியாதையோடு இறுதிக்கடன் செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் அம்மாநில அரசு அறிவித்தது. எல்லாந் தக்கனவே. கொடுத்த உறுப்பு ஊரார் நடுவில் எவ்வாறு வாழும் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இதற்கு நண்பர் கூறத்தக்க தடைகள் உள. அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்ளட்டுமே என்பது ஒன்று. அவர் இருக்கத்தான் செய்கின்றார். ஆனால் அவர் வீட்டிலே பிள்ளையுண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகின்றது. மாதந்தோறும் இரத்தம் சோதிக்க வைத்தியசாலை வரிசையில் அவர் நிற்கவேண்டும். அவ்வரிசையில் நாமும் நிற்கின்றோம். அன்றியும், மூச்சுவிடும் உரிமையை ஒருவர்க்குக் கொடுத்துவிட்டு, மனிதர் நடுவே மூச்சுவிடலாகாது என்று சொல்லுதல் கொடுத்ததைப் பாதி பறித்தலாகும்.

அவரவர் வினைப்படி நடக்கும் என்பது மற்றொன்று. இது நம்மவர் வாயில் எளிதாக வருவது. அவர் நோயுற்றது அவர் வினையாயின், அவர்மேல் நாம் இருமியது எவர் வினை? வினைக்கொள்கை, துன்புற்றவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு ஊன்றுகோலாக அமைந்ததேயன்றி, பக்கத்தில் நிற்பவன் கைகழுவிக்கொள்ள வைத்த செம்பு நீரன்று. இளமையிற் பாதிரிமார் பள்ளியிற் படித்த நாம், ‘என் அயலான் யார்’ என்ற கேள்வியை அவர்கள் வேதபாடத்திற் பலகாற் கேட்டிருக்கின்றோம். அக்காலத்தில் அயலான் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் என்றே நினைத்தோம். ஒரே காற்றை மூச்சாக வாங்குபவன் என்று பொருள்கொள்வது இப்பொழுது நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மூன்றாவது தடையே வலியது. இதற்கு எல்லை எங்கே? ஒருவர் பொருட்டு ஊரெல்லாம் எந்நாளும் வாய் கட்டித் திரிய வேண்டுமோ? வேண்டா என்றே நாம் சொல்கின்றோம். 2020 இலும் 2021 இலும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடமின்றி இழந்ததை அறிந்த எந்த ஆசிரியரும், தோட்டத்து லயத்தில் ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் பாடங் கேட்டதைக் கண்ட எந்த ஆசிரியரும், மீண்டும் கதவடைக்க உடன்படார். கடன் சிறிது. காய்ச்சலோ இருமலோ உள்ள நாளில் விலகியிருத்தல், விலக இயலாதபோது முகக்கவசம் அணிதல், வைத்தியசாலையில் அணிதல், நோயுடையார் வேண்டிக்கொண்டால் ஏனென்று கேளாது அணிதல் ஆகிய இவ்வளவே. நலமாயிருக்கும் நாளில் நம்மிடம் ஒருவர்க்கும் கேட்கத்தக்கது ஒன்றுமில்லை. கடன் சிறிதாயிருப்பதனாலேயே அதனைச் செலுத்தாமைக்குச் சொல்லும் காரணங்களும் சிறியனவாய் விடுகின்றன.

இவ்வளவும் எழுதிய நாம் அக்கடனைச் செலுத்தியவரல்லேம். அதனையுஞ் சொல்லிவிடுகின்றோம்.

நம் நாட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பல ஆண்டுகளாக நடைபெறுகின்றது. 1987 ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சட்டம் உண்டு. 2017 இல் கண்டியிலே இதயமும் மாற்றப்பட்டது. நம் வகுப்பில் எட்டாந் தரத்தில் ஒரு பையன் படித்தான். அவன் தகப்பனார்க்கு அவர் அக்காள் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருந்தார். நுரையீரலன்று எனினும் உண்ணும் மருந்துகள் அவையே, அச்சமும் அதுவே. ஒரு தவணையில் வகுப்பிலே காய்ச்சலும் இருமலும் பரவின. பையன் ஒன்பது நாள் வரவில்லை. வந்த அன்று, வகுப்பார் முன்னிலையில், “சுகமில்லாதவர் உன் தகப்பனார்தானே? நீ ஏன் நின்றாய்?” என்று கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாளும் தவறாது வந்த பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நம் பாடசாலையில் உண்டு. அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் அவன் அதனைப் பெற்றவன். அவ்வாண்டு அவன் பெயரைப் பட்டியலில் நம் கையாலேயே வெட்டினோம்.

சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நமக்கு இருமல். தாயார் ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, “ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க இருமுறீங்க. இங்கேயே உட்காருங்க, அவரு சன்னல்கிட்ட வந்து பேசுவாரு” என்றார். நாற்பதாண்டுக்கு மேலாக எந்த வீட்டிலும் உள்ளே அழைத்தே உட்காரவைக்கப்பட்ட நமக்கு அது தைத்தது. தகப்பனார் சன்னலுக்கு அப்பால் நின்று பேசினார். பரிசைப் பற்றி நாம் பேச்செடுக்கவில்லை, அவரே எடுத்தார். “பையன் அந்தப் பரிசுக்கு ரொம்ப ஆசைப்பட்டாங்க ஐயா. ஆனா எங்க அக்கா குடுத்தது போயிடுமேன்னு அவனே நின்னுட்டான். நான் சொல்லலைங்க.”

அன்று பரிசு பெற்ற பதினொரு பிள்ளைகளுள் காய்ச்சலோடு வந்தவர் எத்தனைபேர் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. மேசையில் தலைவைத்துப் படுத்திருந்த ஒரு பெண்பிள்ளையைத் தட்டியெழுப்பி, “பரிசு போய்விடும், நிமிர்ந்து இரு” என்று நாமே சொன்னது நினைவிருக்கின்றது. மரக்கன்றைக் காத்தவன் பெயரை வெட்டி, அதன்மேல் ஆட்டை ஓட்டிவிட்டவர்க்குப் புத்தகமும் பேனையும் கொடுத்தோம். பிள்ளைகள் மேற் குற்றமில்லை. நாம் வைத்த பரிசு அது.

ரிவர்ஸ்டனிலிருந்து திரும்பிய வாரத்திலே, முழுவரவுப் பரிசை நிறுத்திவிட வேண்டுமென்று ஆசிரியர் கூட்டத்தில் நாம் பிரேரித்தோம். தோட்டத்துப் பிள்ளைகளின் வரவு ஏற்கெனவே குறைவு, அப்பரிசும் இல்லையானால் கொழுந்து பறிக்கும் நாளில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பாதிப்பேர் நின்றுவிடுவர் என்று மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அதிலும் உண்மையுண்டு. மலைமேற் கேள்வி கேட்ட நண்பரே எழுந்து வேறொரு வழி சொன்னார்: தன் நோயினாலோ, வீட்டிலுள்ள நோயாளரைக் காக்கும் பொருட்டோ நின்ற நாளைப் பெற்றோர் கடிதத்தோடு வந்தநாளாகவே கணக்கிடலாம் என்றார். பொய்க் கடிதம் வரும் என்றனர் சிலர். வரட்டும் என்றோம் நாம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பையன் இப்பொழுது பத்தாந் தரத்தில் இருக்கின்றான். இவ்வாண்டுப் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.